60 விநாடிக் கவிதைகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைமுறை கவிதையைக் கேட்டுத்தான் பழகியது. கோயில் திருவிழா என்றாலும் வாசிகசாலை ஆண்டு விழா என்றாலும் நிகழ்ச்சி நிரலில் ஒரு கவியரங்கு கட்டாயம் இருக்கும். தலைமைக் கவிஞர் ஒருவர், பாட வந்தவர்கள் நாலைந்து பேர், பூவரசில் கட்டிய லவுட்ஸ்பீக்கர், வீதி மணலில் பாய் விரித்துச் சனம். கச்சான் உடைத்துக்கொண்டிருக்கும் கிழவர், நல்ல அடி ஒன்று வந்ததும் கையை நிறுத்திவிட்டு, "திருப்பிச் சொல்லுங்கோ" என்பார். கவிஞர் திருப்பிச் சொல்லுவார். எந்த அடி நின்றது, எந்த அடி விழுந்தது என்று அந்த இடத்திலேயே அவருக்கும் தெரிந்துவிடும்.

கவிஞர் முருகையன் வாசிக்க நான் முதன்முதல் கேட்டது அப்படி ஒரு கோயில் வீதியில். ஈழத்துக் கவிஞர் மஹாகவியைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. 1971 இல், 44 வயதில் அவர் போய்விட்டார். ஆனால் அவருடைய குறும்பாக்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் பகுதியில் இருந்தார்கள். யாப்புக்குள் பேச்சோசையைக் கொண்டுவந்ததே அவருடைய பெரிய சாதனை என்று விமர்சகர் நுஃமான் போன்றவர்கள் எழுதியதைப் பின்னர் படித்தேன். படிக்கும்போது அந்தக் கச்சான் கிழவரைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் அதைக் காதாலேயே கண்டுபிடித்திருந்தார்.

காதுக்குக் கோயில் வீதி என்றால் கண்ணுக்கு 'மல்லிகை'. 1966 ஆவணியில் தொடங்கிய அந்தச் சஞ்சிகையை அதன் ஆசிரியர் டொமினிக் ஜீவா தானே கையில் கொண்டு திரிந்து விற்றார். அதில் பெயர் வரவேண்டும் என்ற ஆசையில் நாங்கள் முதலில் பழகிய இடம் பள்ளிக்கூடத்துக் கையெழுத்துச் சஞ்சிகை. அதற்கு இங்கே ஒரு பரம்பரை உண்டு. 1946 முதல் 1948 வரை அச்சில் வந்த 'மறுமலர்ச்சி'கூட அதற்கு முன் கையெழுத்துப் பிரதியாகச் சுற்றியதுதான். வடிவான எழுத்துள்ள பிள்ளையைப் பிடித்து எழுதுவிப்போம். பிற்பாடு ரோணியோ வந்தது. மெழுகுத் தாளில் ஊசிப் பேனையால் கீறி, உருளையில் மாட்டி, மையைத் தடவிச் சுற்றவேண்டும். தாள் கிழிந்தால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதவேண்டும். அதனால் ஒரு சொல்லை எழுத முன் நாலு தரம் யோசிப்போம். அந்த மையின் மணம் இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. நான் ஆசிரியனாகிய பிறகும் என் மாணவர்களுக்கு அதைத்தான் பழக்கினேன்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் போனது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து மண்ணெண்ணெய் விட்டு எரிக்கிற சிக்கன விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பற்றரிக்குத் தடை என்பதால் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டோம். கடதாசி இல்லாமல் 'உதயன்' நாளிதழ் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்ததை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்தக் கோடுகளுக்கு மேலால் செய்தி ஓடும். மரண அறிவித்தல் ஓடும். சனிக்கிழமையில் கவிதையும் ஓடும்.

கவிதை குறையவில்லை. எண்பதுகளிலேயே 'மரணத்துள் வாழ்வோம்', 'சொல்லாத சேதிகள்' போன்ற தொகுப்புகள் வந்து ஈழத்துக் கவிதையின் முகத்தை மாற்றிவிட்டிருந்தன. 1991 இல் கவிஞர் சிவரமணி தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரையும் மாய்த்துக்கொண்டபோது, தப்பியிருந்த கவிதைகளைப் பிரதிபண்ணி வைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் எங்கள் ஊரில் இரவுக் கவியரங்கு நின்றுபோனது. விளக்கு இல்லை, லவுட்ஸ்பீக்கர் இல்லை, இரவில் கூடி இருக்கிற தைரியமும் இல்லை. கவிதை காதை விட்டுத் தாளில் மட்டும் வாழத் தொடங்கியது. அதன் விளைவை நான் வகுப்பில் பார்த்தேன். பேப்பரில் வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் எழுதினார்கள். இரத்தம், கண்ணீர், விடியல் என்ற மூன்று சொல்லையும் மாற்றி மாற்றி அடுக்கினார்கள். வாசித்துக் காட்டச் சொன்னால் எல்லோரும் ஒரே ஏற்ற இறக்கத்தில் வாசித்தார்கள். அவர்கள் பட்டது உண்மையான துயரம்; எழுதிய சொல் இரவல்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பள்ளிக்கூட அலுமாரியில் கையெழுத்துச் சஞ்சிகைக் கட்டு இல்லை. இருபது வருடத்துப் பிள்ளைகளின் எழுத்து அதில் இருந்தது. இதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்கு மனமில்லை.

60 விநாடிக் கவிதைகளைத் தொடங்கிவைத்த பிள்ளை என் வகுப்புக்கு வந்தது 2002 இல். யுத்த நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ-9 பாதை திறந்த வருடம். மயிலிட்டிக்காரப் பிள்ளை, தகப்பன் கடற்தொழில். 1990 சண்டையில், நாலு வயதில் ஊரை விட்டு வந்தவள். அதற்குப் பிறகு எத்தனை வளவு, எத்தனை கொட்டில் மாறினார்கள் என்று அவளுக்கே ஒழுங்காகத் தெரியாது. கெட்டி மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்றில் கவிதை எழுதி வைத்திருந்தாள். அதிலும் அந்த மூன்று சொற்கள்தான். ஆனால் நடுப்பக்கத்தில் ஓரிடத்தில், அம்மா ஒவ்வொரு புது வீட்டுக்கும் போனவுடன் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள் என்று இரண்டு வரி கிடந்தது. அதை எழுதிவிட்டுக் கோடு கீறி வெட்டியும் இருந்தாள். "இதை ஏன் பிள்ளை வெட்டினனீ?" என்று கேட்டேன். "அது கவிதை இல்லைத்தானே சேர், சும்மா வீட்டுக் கதை" என்றாள்.

பாதை திறந்ததும் லொறிகளில் பலதும் வந்தன. கொம்பியூட்டரும் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உதவியாகக் கிடைத்தவை பழைய இயந்திரங்கள். விண்டோஸ் 98 ஓடும். ஒரு வகுப்பறைக்குக் கம்பி வலை அடித்து, வாசலில் செருப்பைக் கழற்ற வைத்து, கோயில் மூலஸ்தானத்தைப்போலப் பாதுகாத்தோம். தமிழுக்குப் 'பாமினி' எழுத்துரு. யாழ்ப்பாணத்து அச்சகங்களில் அதுதான் ஆட்சி செய்தது. ஜே தட்டினால் 'த', கே தட்டினால் 'ம', பி தட்டினால் இகர விசிறி, ஓ தட்டினால் 'ழ', பிறகு அரைப்புள்ளி விசையில் மெய்ப்புள்ளி. 'தமிழ்' என்று அடித்துவிடலாம். இந்த வரிசை பழைய தட்டச்சுப் பொறியில் இருந்து வந்தது. தமிழ்த் தட்டச்சுக்கு வழி கண்ட ஆர். முத்தையா 1886 இல் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவில் வாழ்ந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சுண்டிக்குளிக்குச் சைக்கிளில் போய்விடலாம் என்ற தூரத்தில் இருந்த பிள்ளைகள். அவர்கள் விசைப்பலகையைப் பார்த்த பார்வையே அன்றைக்கு மாறியது.

அவள் ஒரு கிழமைக்குள் பாமினியைப் பழகிவிட்டாள். கவிதைகளை அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தாள். தலைப்புக்கு வளைந்த எழுத்து, ஓரத்தில் ரோசாப்பூ. இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இளம் பிள்ளையின் கவிதைக்கு அழகான அச்சு நல்லது செய்யாது. கொப்பியில் கிறுக்கி வைத்த வரி, 'என்னைத் திருத்து' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அச்சான வரியைப் பார்த்ததும் முடிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும். ரோணியோவில் தாள் கிழிந்துவிடும் என்ற பயமாவது இருந்தது. கொம்பியூட்டரில் அழிப்பது சுகம் என்பதால் அழிக்கத் தோன்றுவதே இல்லை. அந்த வருடம் பிள்ளைகள் அச்சடித்துக் குவித்த கவிதைகளில் வெட்டித் திருத்திய ஒன்றையும் நான் காணவில்லை.

மாற்றம் வந்தது யாரும் கவனிக்காத ஒரு பொருளால். இயந்திரங்களோடு கழுத்து வளைந்த ஒரு மைக்கும் வந்திருந்தது. பொலித்தீன் உறை பிரிக்காமல் மேசை லாச்சிக்குள் கிடந்தது. ஒரு நாள் இடைவேளையில் அவள் அதை எடுத்துச் செருகி, விண்டோசோடு வரும் 'சவுண்ட் ரெக்கோடர்' என்ற சின்ன மென்பொருளைத் திறந்திருக்கிறாள். கறுப்புப் பெட்டிக்குள் ஒரு பச்சைக் கோடு, கீழே சிவப்புப் பொத்தான். பொத்தானை அழுத்திவிட்டுக் கதைத்தால் பச்சைக் கோடு துடிக்கும். ஒரு தரம் அழுத்தினால் 60 விநாடிதான். அதோடு தானாக நின்றுவிடும்.

"சேர், இதைக் கேட்டுப் பாருங்கோ" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய நீளக் கவிதை பாதியில் அறுந்து நின்றது. அறுந்ததைப்பற்றி அவள் கவலைப்படவில்லை. "என்ரை குரலே எனக்குப் பொய் சொல்லுறமாதிரிக் கேக்குது சேர். நான் இப்பிடி ஒருநாளும் கதைக்கிறேல்லை" என்றாள்.

முப்பது வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த கச்சான் கிழவர் அந்தப் பெட்டிக்குள் இருந்தார். திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு என்று கேட்டுக்கொண்டே.

பிறகு நடந்ததை ஒரு ஆசிரியன் வாழ்நாளில் ஒரு முறை கண்டாலே போதும். அவள் 60 விநாடிக்குள் கவிதையை அடக்கப் பார்த்தாள். முதலில் வேகமாக வாசித்தாள், மூச்சு முட்டியது. பிறகு சொற்களைக் கழற்றத் தொடங்கினாள். 'கொடிய யுத்தம்' என்பதில் 'கொடிய' போனது. பிறகு 'யுத்த'மும் போனது. விடியலும் கண்ணீரும் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. எந்தச் சொல்லில் நாக்குத் தடக்குகிறதோ அது அவளுடைய சொல் இல்லை என்று தானாகவே ஒரு விதி கண்டுபிடித்தாள். அந்த விதியை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை. அதைவிட நல்ல விதி எனக்கு இன்றைக்கும் தெரியாது. அடி எங்கே முறிய வேண்டும் என்பதைப் பச்சைக் கோட்டைப் பார்த்தே முடிவு செய்தாள். கோடு நேராகக் கிடக்கிற இடம் மௌனம். அந்த மௌனத்தின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தாள். 'இந்த இடத்திலை ஆக்கள் யோசிக்க வேணும்' என்பாள்.

அப்படித்தான் வெட்டிப் போட்டிருந்த அந்த இரண்டு வரியும் திரும்பி வந்தன. 2004 இல் அது ஒரு முழுக் கவிதையாகியது. மயிலிட்டிக்குப் பிறகு அவர்கள் குடித்த தண்ணீர்களின் கதை. ஒன்று உவர், ஒன்று சவர், ஒன்றில் இரும்பு மணம், அகதி முகாமில் பவுசரில் வந்ததில் குளோரின். ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் முகம் ஒவ்வொரு விதமாகச் சுளியும். கவிதையில் போர் என்ற சொல்லே கிடையாது. வாசிப்பு 52 விநாடி. மிச்சம் எட்டு விநாடியை வெறுமனே விட்டிருந்தாள். ஸ்டாவ் ரூமில் அதைப் போட்டுக் காட்டினேன். கணித ஆசிரியர் ஒருவர் எழும்பி வெளியே போய்விட்டார். மயிலிட்டி இருக்கும் வலிகாமம் வடக்குத்தான் அவருக்கும் ஊர்.

அதைக் கேட்ட மற்றப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். ஒலித்தரத்தை ரேடியோ அளவுக்கு வைத்தால் ஒரு நிமிடக் குரல் 1.44 எம்பி பிளொப்பிக்குள் மட்டுமட்டாக அடங்கும். ஆகவே ஒரு பிளொப்பிக்கு ஒரு கவிதை. பிஸ்கற் ரின்னுக்குள் அடுக்கி வைத்தோம். மதிய இடைவேளையில் இரண்டு சின்ன ஸ்பீக்கரை யன்னலில் வைத்துப் போட்டுவிடுவோம். வேப்பமரத்தின் கீழ் பிள்ளைகள் இருந்து கேட்பார்கள். பகலில், பூவரசுக்குப் பதில் வேம்பில், எங்கள் ஊரில் கவியரங்கு திரும்பத் தொடங்கியது அப்படித்தான். மின்சாரம் நினைத்த நேரம் நின்றுவிடும். நின்றால் எழுதிய பிள்ளை எழும்பி மிச்சத்தை வாயால் சொல்லும். சொல்லத் தெரியாத பிள்ளையை மற்றவர்கள் விடமாட்டார்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகு 'மூவி மேக்கர்' என்று ஒன்று கிடைத்தது. குரலுக்குக் கீழே படங்களை ஓடவிடலாம். பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கிணறு என்று சொல்லும்போது கிணற்றுப் படத்தைப் போட்டால் கேட்கிறவன் தன் கிணற்றை நினைக்கமாட்டான். அவளும் கொஞ்ச நாள் படங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் கறுப்புத் திரையும் குரலும் மட்டும் விட்டாள். 2005 இல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் போனாள்.

2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை திரும்பப் பூட்டுப்பட்டது. பிறகு வந்த வருடங்களைப்பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கொம்பியூட்டர் அறை பூட்டிக் கிடந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. 2008 இல் அவள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போக முதல் நாள் வந்து, அந்தச் சீ.ஆர். கொப்பியை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். பிஸ்கற் ரின் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. பல வருடம் கழித்துப் பிளொப்பி வாசிக்கிற ஒரு கருவியைக் கொழும்பில் இருந்து எடுப்பித்துப் போட்டுப் பார்த்தேன். தட்டுகளில் பூஞ்சணம். ஒன்றுகூடத் திறக்கவில்லை. அவற்றுள் இருந்த பிள்ளைகளில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அவர்களுடைய படம் வீடுகளில் தொங்குகிறது. குரல் எங்கும் இல்லை.

கொப்பி கிடந்தது. கரப்பான் கடித்த ஓரம் போக எழுத்தெல்லாம் தெளிவு. அடித்து வைத்த பாமினிக் கோப்புகள் சில ஒரு சீடியில் தப்பியிருந்தன. திறந்தால் திரையில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். சுரதா யாழ்வாணன் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த 'பொங்குதமிழ்' எழுத்துரு மாற்றியில் அவற்றைப் போட்டு, ஒரு பொத்தானை அழுத்த, யூனிகோட்டில் கவிதைகள் எழும்பி வந்தன. அந்த மனிதருக்கு எங்கள் தமிழ் பட்டிருக்கும் கடன் கொஞ்சமல்ல.

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் சுற்றியிருந்த காணிகள் சிலவும் இராணுவத்தின் பிடியில் இருந்து விடப்பட்டன. ஊரை விட்டு 27 வருடம். அவள் கனடாவில் இருந்து வந்து, தாயைக் கூட்டிக்கொண்டு போனாள். என்னையும் வரச் சொன்னாள். வீடு இல்லை, அத்திவாரம் இருந்தது. கிணறு பாதி தூர்ந்து, கட்டு உடைந்து, பச்சைப் பாசி படர்ந்து கிடந்தது. தாய் எட்டிப் பார்த்தா. வாளி கேட்கவில்லை. மகள் கைத்தொலைபேசியை எடுத்து, கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். புதுக் கவிதை. காற்று, கடல் இரைச்சல், தாயின் இருமல் எல்லாம் அதில் பதிந்தன. ஒன்றையும் நீக்கவில்லை. ரொறன்ரோவில் ஒளிப்பதிவு, ஒலித்தொகுப்பு எல்லாம் முறையாகப் படித்திருந்தாள். நீக்கத் தெரியாமல் விடவில்லை.

"பழைய தண்ணிக் கவிதையைத் திருத்தப் போறியா பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லை சேர். அது 2004 இலை உண்மை. இது வேறை கவிதை."

நேரத்தைப் பார்த்தேன். இப்போதைய தொலைபேசிகள் மணிக்கணக்காகப் பதியும். அவள் பேசியது ஒரு நிமிடத்துக்கு உள்ளேதான்.

இப்போது எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் ஒலிப்பதிவு செய்யக்கூடிய ஒரு தொலைபேசி இருக்கிறது. தமிழ் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: கவிதை எழுதிக்கொண்டு வரும் பிள்ளையிடம் யாப்பையும் அணியையும் சொல்லிக்கொடுக்க முன், அதைத் தன் குரலில் பதிந்து கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பாதித் திருத்தத்தைப் பிள்ளையே செய்துகொண்டு வரும்.

இன்னொன்றை எல்லோரிடமும் கேட்கிறேன். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பள்ளிக்கூட மலர்களையும் வருடி எண்ணிம வடிவில் காத்து வருகிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்த பிறகு, ஒரே பிரதியை ஒரே அலுமாரியில் பூட்டி வைக்கலாம் என்று நம்புவதற்கு எங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் கையெழுத்துச் சஞ்சிகை, ரோணியோ மலர், கவியரங்கு பதிந்த கசற், பாமினியில் அடித்த சீடி என்று எது கிடந்தாலும் பூஞ்சணம் பிடிக்க முன் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்க முன், எழுதிய பிள்ளையின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பேனையால் மேலே எழுதிவிடுங்கள்.